கைக்குள் வந்த குரலும் பாட்டும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கும்போதெல்லாம் சிந்தாமணி, நீலகேசி, வடார்க்காட்டுக் கல்வெட்டு என்று எதையாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை சங்கத்துச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஐயா, நாற்பது வருஷமா கரோல் பாக்கில எதை வித்தீங்களோ, அதைப் பத்தி எழுதுங்களேன். பிள்ளைங்களும் படிப்பாங்க" என்றார். "நான் என்ன எஞ்சினியரா தம்பி?" என்று கேட்டேன். "எஞ்சினியர் எழுதினா எங்களுக்குப் புரியாது ஐயா" என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

நான் பழைய பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சைனக் குடும்பம். 1982-ல் தில்லியில் ஆசிய விளையாட்டு நடந்ததே, அந்த வருஷம் மாமாவின் ரேடியோக் கடைக்குக் கையாளாக வந்து சேர்ந்தேன். ரேடியோ, டேப் ரெக்கார்டர், கேசட், வாக்மேன், சி.டி., எம்பி3 பிளேயர், கைபேசி, மெமரி கார்டு என்று காலம் எதைக் கேட்டதோ அதை விற்றேன். விற்ற பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விற்பதில்லை என்று ஒரு பிடிவாதம் மட்டும் உண்டு. அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நடுவில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை

கைபேசி, செல்பேசி, அலைபேசி, செல்லிடப்பேசி என்று நம்மவர்கள் பல பெயர் வைத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் கைத்தொலைபேசி, இலங்கையில் கையடக்கத் தொலைபேசி. எனக்குப் பிடித்தது கைபேசி. சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனால் எந்தப் பெயரை எடுத்தாலும் 'பேசி' மட்டும்தான் இருக்கிறது. பாடுவதும் பதிவதும் பெயரில் இல்லை. அந்தக் கருவி சாமானியர் கைக்கு வந்தபோது செய்த பெரிய காரியம் அந்த இரண்டும்தான்.

நாடாக் காலம்

கேசட் என்ற சிறு பெட்டியை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் வெளியிட்டது. இரும்புத் துரு போன்ற காந்தப் பொடி பூசிய நாடா அதற்குள் ஓடும். ஒலி மின்சாரமாகி, மின்சாரம் காந்தமாகி, அந்தப் பொடியில் தங்கும். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்.

1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் பேட்டி எடுப்பதற்காக அதே கம்பெனி ஒரு சின்னப் பதிவுக் கருவி வைத்திருந்தது. அதிலிருந்து பதிவு செய்யும் வசதியை எடுத்துவிட்டு, இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி வரும்படி செய்ததுதான் முதல் வாக்மேன். பதியாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் கம்பெனிக்குள்ளேயே இருந்ததாம். உலகமே வாங்கியது. அதாவது, கைக்குள் வந்த அந்த இசைக்கருவிக்குப் பாட மட்டும்தான் தெரிந்தது. நம் குரலை அது வாங்கிக்கொள்ளாது.

நம் நாட்டில் பதிவுக்குப் பஞ்சமில்லை. 1980-களில் கேசட் விலை இறங்கியதும் வட இந்தியாவில் பஜனை, நாட்டுப்பாட்டு, வட்டாரமொழிப் பாட்டு எல்லாம் கேசட்டில் பெருகியதைப் பற்றிப் பீட்டர் மேனுவல் என்ற அமெரிக்க அறிஞர் 1993-ல் 'கேசட் கல்ச்சர்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எங்கள் கடைக்குத் தமிழர்கள் ஒரு தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வருவார்கள். "ஏ பக்கம் பூரா பக்திப் பாட்டு, பி பக்கம் இளையராஜா." இரண்டு நாளில் பதிந்து கொடுப்போம். நாடா சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பென்சில் வித்தை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

காதைப் படித்தவர்கள்

1982-ல் சி.டி. வந்தது. அதில் ஒலி, காந்தமாக இல்லாமல் எண்ணாக இருக்கிறது. ஒரு விநாடி ஒலியை 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் எண்ணாக எழுதுகிறார்கள். இடது, வலது என்று இரண்டு காதுக்கும் தனித்தனி. கணக்குப் போட்டால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10 எம்பி இடம் வேண்டும். 4 நிமிடப் பாட்டுக்கு 40 எம்பி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கே அது பாரம்.

இந்தப் பாரத்தைக் குறைத்தவர்கள் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தார். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதில் முக்கியமானவர். அவர்கள் படித்தது பாட்டை அல்ல, காதை. கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் நடந்துபோகிற பெண்ணின் கொலுசு கேட்குமா? கொலுசு ஒலிக்கத்தான் செய்கிறது, நம் காதுதான் அதை வாங்குவதில்லை. பலமான ஒலி, பக்கத்து மெல்லிய ஒலியை மூடிவிடும். மூடிய ஒலியை எதற்கு எழுதி வைக்க வேண்டும்? விட்டுவிடு. இப்படிக் காதுக்கு எட்டாததையெல்லாம் கழித்துக் கழித்து, பதினொன்றில் ஒரு பங்காகப் பாட்டைச் சுருக்கினார்கள். நிமிடத்துக்கு 1 எம்பி, ஒரு பாட்டுக்கு 4 எம்பி. அதுதான் எம்பி3. வாத்தியம் ஏதும் இல்லாமல் சூசன் வேகா என்ற பாடகி தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டை வைத்துத்தான் பிராண்டன்பர்க் இந்த முறையைச் சோதித்துச் சோதித்துத் திருத்தினார். தனிக் குரலை ஏமாற்றிச் சுருக்குவது அவ்வளவு கஷ்டம். இந்தச் செய்தியை வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1998-ல் கொரியாவின் எம்பிமேன், அமெரிக்காவின் ரியோ என்று கையடக்க எம்பி3 கருவிகள் வந்தன. ரியோவில் இருந்த இடம் 32 எம்பி, எட்டுப் பாட்டு! 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 5 ஜிபி வட்டோடு வந்து, ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் போட்டது. விலை 399 டாலர். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்பியதைச் சிலர் என் கடைக்குக் கொண்டுவந்து, "இதுல பாட்டு ஏத்தித் தர முடியுமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அதோடு என் கடையில் ஐபாட் கதை முடிந்தது. சாமானியர் கைக்குப் போனது வேறு பொருள்.

தொண்டையைப் படித்தவர்கள்

எம்பி3 என்ற பெயர் முடிவானது 1995 ஜூலை 14 அன்று. அதே ஜூலை மாதம் 31-ம் தேதி நம் நாட்டின் முதல் கைபேசி அழைப்பு நடந்தது. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு பேச, தில்லி சஞ்சார் பவனில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்தக் காலத்தில் பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. மணி அடித்தால் எடுக்காமல், பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2003-ல்தான் வருகிற அழைப்பு இலவசமானது. அதே வருஷம் வந்த நோக்கியா 1100, டார்ச் விளக்கோடு, உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை தொடங்கி, 2014-ல் மூடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

கைபேசி குரலை எப்படி அனுப்புகிறது? அது காதைப் படிக்கவில்லை, தொண்டையைப் படித்தது. மனிதக் குரல் என்பது என்ன? குரல்வளை அதிர்கிறது, தொண்டையும் வாயும் நாக்கும் அந்த அதிர்வுக்கு ஒரு வடிவம் கொடுக்கின்றன. கைபேசி நம் பேச்சை விநாடிக்கு 50 துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் தொண்டை எப்படி இருந்தது, அதிர்வு எப்படி இருந்தது என்று குறிப்பெடுக்கிறது. அந்தக் குறிப்பைத்தான் அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள கைபேசி அதைப் பார்த்துக் குரலை மறுபடி செய்துகொள்கிறது. சாம்பாரைத் தூக்கில் ஊற்றி அனுப்பாமல், செய்முறையை எழுதி அனுப்பி அங்கே வைக்கச் சொல்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டன் போன்களில் 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்று ஒன்று இருந்ததே, அதுவும் இதே முறைதான். ஏ.எம்.ஆர். என்று பெயர். ஒரு நிமிடத்துக்கு 100 கேபிகூட ஆகாது. பேச்சுக்குப் பிரமாதம். ஆனால் தொண்டையிலிருந்து வராத எதையும் அதற்கு எழுதத் தெரியாது. வீணையை எழுதச் சொன்னால் முனகும், மணியை எழுதச் சொன்னால் கரகரக்கும். "ஏன் போன்ல பதிஞ்ச கச்சேரி இவ்வளவு மட்டமா இருக்கு?" என்று கேட்ட எத்தனையோ பேருக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இரண்டும் ஒன்றானபோது

2005-ல் சோனி எரிக்சன் டபிள்யூ800 என்ற 'வாக்மேன் கைபேசி' 512 எம்பி கார்டோடு வந்தது. அதே வருஷம் விரல்நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டு நிலைபெற்றது. 15 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர், கனம் ஒரு மில்லிமீட்டர். மூன்று நான்கு வருஷத்துக்குள் சைனா செட், உள்நாட்டு பிராண்டு எல்லாவற்றிலும் அந்தக் கார்டுக்கு இடம் வைத்துவிட்டார்கள். ரிக்‌ஷாக்காரர், கட்டட வேலைக்காரர், காய்கறி விற்கிற அம்மா என்று எல்லார் கையிலும் பாட்டு வந்தது இந்தக் கார்டு வழியாகத்தான். அவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. கடைக்கு வருவார்கள். "பாயி, கானா டால் தோ." கார்டு ரீடரில் செருகி நூறு பாட்டை ஏற்றித் தருவோம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அந்தப் பாட்டுகளுக்கு நாங்கள் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். கள்ளாமை எங்கள் குலத்து ஐந்து விரதங்களில் ஒன்று. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத நான், பொழுதுக்கும் பிறர் பாட்டை விற்றேன். "எல்லாரும் செய்யறாங்க" என்பது வியாபாரிகளின் பழைய சமாதானம். 2010 வாக்கில் அந்த வேலையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனால் நிறுத்தியது சட்டத்துக்குப் பயந்தல்ல. காரணம் வேறு.

நான் செய்த தப்பு

2008 தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கையில் கடையில் காட்டுவதற்காக வைத்திருந்த கைபேசி, 512 எம்பி கார்டு நிறையச் சினிமாப் பாட்டு. அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு. நோன்பு நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் கூடிப் பாடும் நீளமான கதைப்பாட்டு ஒன்று உண்டு. அம்மா அதைத் தன் அம்மாவிடம் கேட்டுப் பழகியவள். ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை. கூடப் பாடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எனக்கு முதல் நாலு அடி தெரியும், அவ்வளவுதான். திண்ணையில் உட்கார்ந்து பாடச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டே பாடினாள். 11 நிமிடம். கார்டில் பதிந்தது. அடுத்த நாள் சாயங்காலம் சும்மா பேசியதையும் பதிந்தேன். கார்டு நிறைந்துவிட்டது என்று சொல்லி, அதைக் கைபேசி தன் உள்நினைவில் போட்டுக்கொண்டது.

தில்லிக்குத் திரும்பி ஒரு வாரம். புதுப் படங்கள் வந்திருந்தன. வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நானே, என் கையாலேயே, அந்தக் கார்டை ஃபார்மட் செய்து புதுப்பாட்டு ஏற்றினேன். வழியெல்லாம் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. மூன்று வாரம் கழித்துத்தான் நினைவு வந்தது. அப்போதும் பெரிதாகப் பதறவில்லை. "சித்திரையில ஊருக்குப் போவோமில்ல, மறுபடி பாடச் சொல்லிக்கலாம்" என்று நினைத்தேன். பங்குனியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறியது. அதன்பின் அவள் பாடவில்லை. மறுவருஷம் போய்விட்டாள்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11 நிமிடம், ஏ.எம்.ஆர். முறையில் ஏறக்குறைய 1 எம்பி. ஒரு சினிமாப் பாட்டில் கால் பங்கு இடம். அந்தக் கால் பாட்டு இடத்துக்காக நான் அழித்தது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபார்மட் செய்தால் கார்டில் உள்ளது உடனே அழிந்துவிடுவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போல, எது எங்கே என்ற பட்டியல்தான் போகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும். உடனே நிறுத்தியிருந்தால், மீட்கிற மென்பொருளை வைத்து எடுத்திருக்கலாம். நானோ அதன் மேலேயே நூற்றிருபது பாட்டை எழுதிவிட்டேன். எழுதிய பக்கத்தின் மேல் எழுதினால் என்ன மிஞ்சும்?

2019-ல் பேரன் அலமாரியைக் கிளறியபோது அந்தக் கைபேசி அகப்பட்டது. பேட்டரி ஊதியிருந்தது, உயிர் இல்லை. கஃபார் மார்க்கெட்டில் ரிப்பேர் செய்கிற ஒரு பையனிடம் கொண்டுபோனேன். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து உயிர்ப்பித்தான். உள்நினைவில் அந்த இரண்டாவது பதிவு இருந்தது. புளூடூத் வழியாக எடுத்துக் கொடுத்து 150 ரூபாய் வாங்கிக்கொண்டான்.

கடை வாசலிலேயே நின்று கேட்டேன். "சாப்பிட்டியாப்பா? பொழுது போறதுக்குள்ள சாப்பிட்டுடு. பசங்களையும் கூட்டிட்டு வரக்கூடாதா?" அவ்வளவுதான். குரல் அப்படியே அம்மா. பின்னால் ஊர் ஜினாலயத்து மணி அடிப்பது மட்டும் ஏதோ கரகரவென்று தேய்ப்பது மாதிரி இருந்தது. எனக்குக் காரணம் தெரியும். தொண்டையைப் படித்த கருவி அம்மாவை எழுதிக்கொண்டது, மணியை எழுதத் தெரியவில்லை.

வளையாபதி

ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதி எங்கள் சமயத்து நூல். இன்று முழுதாக இல்லை. பிற்காலத் தொகைநூலும் உரைகளும் எடுத்துக்காட்டிய 72 பாடல் அளவில்தான் மிஞ்சியது. சிந்தாமணியை 1887-ல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், இளம் வயதில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி ஏட்டைத் தாம் கண்டதையும், அப்போது அத்தகைய நூல்களில் நாட்டம் இல்லாததால் எடுத்துப் படிக்காமல் விட்டதையும், பின்னர் தேடியபோது அது அங்கே இல்லை என்பதையும் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை முப்பது வயதில் படித்தபோது, "அடடா, அவர் எடுத்திருக்கலாமே" என்று நினைத்தவன் நான். என் கைபேசிக்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

பனையோலை நிலைத்த பொருள் அல்ல. பூச்சியும் ஈரமும் அதற்கு எமன். ஏடு நைவதற்குள் இன்னொரு ஏட்டில் எழுதிவிட வேண்டும். அதனால்தான் அன்னதானம், அபயதானம், ஔடததானத்தோடு சாத்திரதானத்தையும் சேர்த்து நான்கு தானம் என்றார்கள் முன்னோர். நூலைப் படியெடுத்துக் கொடுப்பதும் தானம். ஒரு தலைமுறை படியெடுக்க மறந்தால் நூல் போயிற்று.

மெமரி கார்டும் ஓலைதான். அதற்குள் இருப்பது மிக நுண்ணிய அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். பல வருஷம் சும்மா கிடந்தால் அது கசியும். கேசட்டில் காந்தப் பொடி உதிரும், சி.டி.யில் பூச்சு கெடும். கருவி கெடாவிட்டாலும் கருவியின் காலம் முடிந்துவிடும். கேசட் வாக்மேனை ஜப்பானில் 2010-ல் நிறுத்தினார்கள், ஐபாடை 2022-ல் நிறுத்தினார்கள். ஓலைக்கு இல்லாத ஒரு பெருமை இதற்கு உண்டு. ஏட்டைப் பார்த்து எழுதினால் எழுத்துப் பிழை நுழையும். கார்டிலிருந்து அப்படியே படியெடுத்தால் ஓர் எழுத்துகூட மாறாது, நூறாவது படியும் முதல் படியும் ஒன்றே. இவ்வளவு எளிதாக இருந்தும் நாம் செய்வதில்லை.

வாங்குவோருக்கும் வைத்திருப்போருக்கும்

கடைக்காரனாகச் சில வார்த்தை.

1. வீட்டுப் பெரியவர்களுக்குப் பாட்டுக் கேட்க மட்டும் என்றால் விலை உயர்ந்த கைபேசி தேவையில்லை. 32 ஜிபி வரை கார்டு ஏற்கும் பட்டன் போன்கள் இன்றும் கிடைக்கின்றன. அதில் எண்ணாயிரம் பாட்டு அடங்கும். பாட்டுகளை உள்ளேயே வைத்து விற்கும் கேரவான் போன்ற பெட்டிகளும் 2017 முதல் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பாட்டு என்பதால் மனசுக்கும் நிம்மதி.

2. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத கார்டு வாங்காதீர்கள். மேலே 128 என்று அச்சடித்து உள்ளே எட்டுகூட இல்லாத கார்டுகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கியதும் ஒருமுறை நிறைய ஏற்றிப் பார்த்து, எல்லாம் பாடுகிறதா என்று சோதியுங்கள்.

3. மாதச் சந்தா கட்டிக் கேட்கிற பாட்டு வாடகை வீடு மாதிரி. சந்தா நின்றால் இறக்கி வைத்த பாட்டும் திறக்காது. அது தப்பில்லை, ஆனால் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது.

4. காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம்வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒலியைக் கூட்டக் கூட்ட நேரத்தைக் குறைக்க வேண்டும்.

5. ஊதிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். ஆனால் கைபேசியைக் கொடுப்பதற்கு முன்னால் அதில் யார் குரல் இருக்கிறது என்று பாருங்கள்.

6. இப்போதைய வாட்ஸ்அப் குரல் செய்தி, ஓபஸ் என்ற முறையில் பதிகிறது. 2012-ல் வகுத்த அந்த முறை, தொண்டை வழி, காது வழி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது. மணியும் கேட்கும், குரலும் கேட்கும். அம்மா அப்பா அனுப்பிய குரல் செய்தி இருந்தால் கைபேசியிலேயே விட்டுவைக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். ஓர் எம்பி3-யை மறுபடி மறுபடி சுருக்காமல் அப்படியே படியெடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒன்று. மூன்று படி இருந்தால் ஒன்றாவது பிழைக்கும்.

7. தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டை உடனே கழற்றுங்கள். அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த ஒரு வரியை 2008-ல் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடைக்காரனே நான்தான்.

முடிவாக

நம் சங்கத்தில் உறுப்பினர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா இருக்கும். உள்ளே பழைய கைபேசி, இழுபட்ட கேசட், பெயர் எழுதாத கார்டு. ஊரிலிருந்து வந்த நமக்கு ஊர்ப் பேச்சும் ஊர்ப் பாட்டும் அந்த டப்பாவில்தான் கிடக்கின்றன. தஞ்சாவூர்ப் பேச்சு, நெல்லைப் பேச்சு, எங்கள் வந்தவாசிப் பேச்சு, நம் பேரப்பிள்ளைகள் இந்தியில் வளர்கிறபோது இதையெல்லாம் எங்கே கேட்பார்கள்?

கடையை மகனிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு நல்ல கேசட் டெக், கார்டு ரீடர், பழைய சார்ஜர் ஒரு பை நிறைய, எல்லாம் வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சங்கத்து நூலகத்தில் இருப்பேன். டப்பாவை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்ன இருக்கிறது என்று சேர்ந்து கேட்போம், படியெடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம். சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள், அதன்பின் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது.